1,850 டி.டி.எஸ். தண்ணிக்கு ஒரு ஆர்.ஓ. மிஷின்: நாலு வருஷத்துக் கணக்கு

பொங்கலூர் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் உப்புத்தண்ணியை மெம்பரேன் என்ற சவ்வில் அழுத்திக் குடிதண்ணியாக்குகிற ஆர்.ஓ. மிஷினைப் பற்றி ஒரம்பரையில் (சொந்தபந்தத்தில்) ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன், இனிமேல் கேட்டால் இதை அனுப்பிவிடலாம். முதலிலேயே ஒன்று: இந்த மிஷினுக்குப் பெயர் எதுவும் கிடையாது. கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் உதிரி பாகங்களை வாங்கி, அவர்களே பூட்டிக் கொடுத்தது. விலை 6,800 ரூபாய். இதற்கு முன்னால் 16,500 ரூபாய் கொடுத்து ஒரு பெரிய கம்பெனி மிஷின் வாங்கி, அது ஏழே மாதத்தில் படுத்துக்கொண்டது. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

நான் ஆர்.ஓ. தெரியாத ஆள் இல்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. திருப்பூரில் சாயத்தண்ணியைச் சுத்தம் செய்கிற பொது நிலையம் ஒன்றில் ஒன்பது வருஷம் ஆர்.ஓ. பிரிவில் ஷிப்ட் பார்த்தவன். 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அதற்கு முன்னால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன கதியில் இருந்தன என்பதும்தான். அதற்கப்புறம் பட்டறை ஓட வேண்டுமென்றால் ஒரு சொட்டு கழிவும் வெளியே போகக் கூடாது என்றாகிவிட்டது. சாயத்தண்ணியை ஆர்.ஓ.வில் அழுத்தி, நல்ல தண்ணியைத் திரும்பப் பட்டறைக்கே அனுப்பி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான எட்டு அங்குலக் குழாய்களை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், வீட்டுக்கு வந்தால் கேன் தண்ணிக்காரனுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். "ஊரு சாயத்தையெல்லாம் சுத்தம் பண்றீங்க, சோத்துக்கு ஊத்தற தண்ணிக்கு வழியக் காணம்" என்று வீட்டுக்காரம்மா சொல்லாத நாள் கிடையாது.

எங்கள் போர் 1,100 அடி. உப்புத்தண்ணி. துவரம்பருப்பு ஆறு விசில் வந்தாலும் நறுக்கு நறுக்கென்றே கிடக்கும், சோப்பு நுரைக்காது, காப்பிப் போசியின் அடியில் வெள்ளை ஏடு கட்டும். குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பணம் கட்டித் தண்ணியைக் கொடுத்து வாங்கிய ரிப்போர்ட் இன்னும் பீரோவில் இருக்கிறது. டி.டி.எஸ். (தண்ணியில் கரைந்திருக்கிற மொத்த உப்பு) 1,850, ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) 720, நைட்ரேட் 68, ஃப்ளோரைடு 1.2, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். இந்திய தர நிர்ணயம் குடிநீருக்குச் சொல்கிற அளவு டி.டி.எஸ். 500, ஹார்ட்னஸ் 200. வேறு வழியே இல்லையென்றால் டி.டி.எஸ். 2,000 வரை, ஹார்ட்னஸ் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நைட்ரேட்டுக்கு 45-தான், அதில் சலுகை கிடையாது. சுற்றிலும் கோழிப்பண்ணை, காட்டுக்கு உரம், அப்புறம் நைட்ரேட் ஏறாமல் என்ன செய்யும். தண்ணியைக் கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணி ஆவியாகப் போகப் போக இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

சரி, பழைய மிஷின். நான் ஷிப்டில் இருந்த நாளில் வீட்டுக்கு விற்பனைப் பையன் வந்திருக்கிறான். ஒன்பது கட்டச் சுத்திகரிப்பு, தாமிரம், துத்தநாகம், நீல லைட்டு என்று அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான்: "மத்த மிஷின்ல முக்கால்வாசி தண்ணி வீணாப் போயிருமுங்க அக்கா, இது பாதித் தண்ணிய மிச்சம் பண்ணிக் குடுத்துருமுங்க." அந்த வார்த்தைக்குத்தான் வீட்டில் மயங்கிவிட்டார்கள். மயங்காமல் எப்படி இருப்பார்கள், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் எப்போது முறை வரும் என்று வானத்தையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பம். நான் சாயந்திரம் வந்து பார்த்தபோது மிஷின் சுவரில் ஏறியிருந்தது. நானும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, லைட்டு அழகாக இருந்தது.

ஐந்தாவது மாதம் தண்ணி நூல் மாதிரி வர ஆரம்பித்தது. ஏழாவது மாதம் ராத்திரி முழுக்க ஓடினாலும் ஒரு குடம் நிறையவில்லை. சர்வீஸ் ஆள் வந்து, கையில் இருந்த, டி.டி.எஸ். காட்டுகிற பேனா மீட்டரைத் தண்ணிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "உங்க தண்ணி ரொம்ப மோசமுங்க, இதுக்கு வாரண்டி வராதுங்க, மெம்பரேன் மாத்தணும், 3,900 ஆகும்" என்றார். மாட்டுவதற்கு முன்னால் அந்தப் பேனாவை யாராவது தண்ணிக்குள் விட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விற்பவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர்.

மெம்பரேனை அவரிடம் கொடுக்காமல் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை களத்தில் உட்கார்ந்து ஆக்சா பிளேடால் அறுத்தேன். நிலையத்தில் மெம்பரேன் கெட்டுப்போனால் இப்படித்தான் அறுத்துப் பார்ப்போம், எதனால் செத்தது என்று அதன் வயிற்றிலேயே எழுதியிருக்கும். வீட்டு மெம்பரேன் என்பது ஒரு சாண் அளவுக்குச் சற்று அதிகமான சுருள். மேல் உறையைக் கிழித்துப் பாயை விரிக்கிற மாதிரி விரித்தால், வெள்ளைச் சவ்வு, வலை, சவ்வு, துணி என்று மாறி மாறி வரும். உள்ளே தண்ணி நுழைகிற முனைப் பக்கம் ஓரளவு சுத்தமாக இருந்தது. கழிவு வெளியே போகிற முனைப் பக்கம் போகப் போக, வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ரவை ரவையாக வெள்ளை மண். விரலால் தேய்த்தால் நறநற என்றது. அதன்மேல் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன், உஸ்ஸென்று பொங்கியது. சுண்ணாம்பு. எங்கள் காப்பிப் போசியின் அடியில் இருப்பதும் அதே சமாச்சாரம்தான். வீட்டுக்காரம்மா திண்ணையில் நின்றபடி, "மூவாயிரத்துத் தொள்ளாயிர ரூவாய அறுத்துப் போட்டு எலுமிச்சம்பழத்தையும் வீணாக்கறீங்க" என்றாள்.

கழிவு போகிற முனையில் மட்டும் ஏன் அப்படி? இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது, கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை. ஒரு பக்கம் நல்ல தண்ணியைப் பிரித்தால், அதில் இருந்த உப்பு கிட்டத்தட்ட முழுவதும் மறுபக்கத் தண்ணியில் போய்ச் சேர்கிறது. 1,850 உள்ளே போகிற தண்ணியில் நாலில் ஒரு பங்கை மட்டும் நல்ல தண்ணியாக எடுத்தால், கழிவின் உப்பு 2,400 சொச்சம்தான் ஆகும். பாதியை எடுத்தால் 3,500-ஐத் தாண்டும். ஹார்ட்னஸும் அப்படியே, 720 என்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி 1,400 ஆகிவிடும். அந்த அளவு சுண்ணாம்பைத் தண்ணியால் கரைத்து வைத்துக்கொள்ள முடியாது, அங்கேயே சவ்வின் மேல் கல்லாக உட்கார்ந்துவிடும். அதாவது எங்கள் வீட்டில் எதற்காக அந்த மிஷினை வாங்கினார்களோ, அந்தத் "தண்ணி மிச்சம்"தான் அதைக் கொன்றிருக்கிறது. நிலையத்தில் நாங்களும் தண்ணியை விடாமல் பிழிந்துதான் எடுப்போம், ஆனால் அதற்கு முன்னால் எத்தனை சுத்திகரிப்பு, கல் பிடிக்காமல் இருக்க எத்தனை மருந்து, ஆசிட் விட்டுக் கழுவுவதற்குத் தனிக் குழு. சமையலறைச் சுவரில் தொங்குகிற பெட்டிக்கு அது எதுவும் கிடையாது.

இதற்கப்புறம்தான் காந்திபுரத்துக் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்து "மிஷின் வேணுமுங்க" என்றதும், கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டவில்லை. "எந்தூருங்க? டி.டி.எஸ். எவ்வளவுங்க? போர் தண்ணியா, ஆத்துத்தண்ணியா?" என்றார். ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். ஹார்ட்னஸ் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா வெளிய போகும், பரவால்லீங்களா?" என்றார். இவரிடம்தான் வாங்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். நீங்களும் எந்தக் கடைக்குப் போனாலும் இதைப் பாருங்கள், முதல் கேள்வி தண்ணியைப் பற்றி இருந்தால் உட்காருங்கள், நிறத்தைப் பற்றி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவர் போட்டுக் கொடுத்தது இதுதான். வெளியே தனியாக மண், தூசியைப் பிடிக்க ஒரு பத்து அங்குல ஸ்பன் ஃபில்டர், கண்ணாடி மாதிரி கிண்ணத்தில், அழுக்கு வெளியில் இருந்தே தெரியும். உள்ளே மண்டியைப் பிடிக்க ஒரு செடிமெண்ட் ஃபில்டர், ஒரு கார்பன் ஃபில்டர், கல் பிடிப்பதைத் தள்ளிப்போடுகிற உருண்டைகள் போட்ட ஒரு குப்பி, தண்ணியை அழுத்தித் தள்ள 100 ஜி.பி.டி. (நாளுக்கு 100 கேலன்) பூஸ்டர் பம்ப், நல்ல கம்பெனி மெம்பரேன் ஒன்று, கடைசியில் ருசிக்கு ஒரு சின்ன கார்பன். அவ்வளவுதான். கழிவுக் குழாயில் இருக்கிற ரெஸ்ட்ரிக்டர் என்ற சின்னச் சாமான், சுண்டுவிரல் அளவுகூட இருக்காது, அதில் சாதாரணமாக 450 என்று போட்டு வருவதைக் கழற்றிவிட்டு 600 போட்டார். நிமிஷத்துக்கு அத்தனை மில்லி கழிவு போகும் என்று அர்த்தம். நாற்பது ரூபாய்ச் சாமான். பழைய மிஷினின் சாவும் இந்த மிஷினின் ஆயுளும் அந்த நாற்பது ரூபாயில் இருக்கிறது.

தாமிரம், துத்தநாகம், காரத்தன்மை ஏற்றுகிற குப்பி எதுவும் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கச்சாத் தண்ணியைக் கொஞ்சம் திருப்பிக் கலக்கிற திருகு ஒன்று உண்டு, டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பார்கள், அதுவும் வேண்டாம் என்றேன். பாடுபட்டு நைட்ரேட்டைப் பிரித்து எடுத்துவிட்டு அதையே திரும்பக் கலந்து குடிப்பானேன்? எல்லாச் சாமானும் எந்தக் கடையிலும் கிடைக்கிற அளவில் இருக்கட்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். கம்பெனி மிஷின்களில் ஃபில்டரின் வாயை அவர்கள் இஷ்டத்துக்கு அமைத்துவிடுகிறார்கள், அப்புறம் ஆயுள் முழுக்க அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

மாட்டும்போது ஒரு சின்னச் சிக்கல் வந்தது. மாட்டி ஸ்விட்சைப் போட்டால் மிஷின் ஓடவில்லை, ஓடினாலும் டக்கென்று நிற்கிறது. மேலே சின்டெக்ஸ் டேங்க் சமையலறைக் கூரைமேலேயே உட்கார்ந்திருக்கிறது, மிஷினுக்கும் டேங்க்குக்கும் பத்தடிகூட இல்லை. பத்தடி உயரத்துக்கு 4.3 பி.எஸ்.ஐ. அழுத்தம்தான் கிடைக்கும். தண்ணி இல்லாமல் பம்ப் ஓடிக் கெட்டுவிடக் கூடாது என்று ஒரு லோ-பிரஷர் ஸ்விட்ச் வைத்திருப்பார்கள், அது இதைத் தண்ணியே இல்லை என்று நினைத்துக்கொண்டது. அதற்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்தியதும் ஓட ஆரம்பித்தது. ஓட்டு வீடு, தாழ்ந்த டேங்க் உள்ளவர்கள் மிஷின் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுபோகும் முன் இதைப் பாருங்கள்.

கழிவுத் தண்ணி நாள் ஒன்றுக்கு 75 லிட்டர் வருகிறது. வீணாகப் போகிறது என்று அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. குழாயை நீட்டிப் பின்பக்கம் ஒரு டிரம்மில் விட்டேன். பாத்திரம் விளக்க, கட்டுத்தரை கழுவ, கக்கூஸுக்கு என்று எல்லாம் அதில்தான், மிஞ்சியது தென்னைக்கு. தென்னை இந்த உப்பைத் தாங்கும். கறிவேப்பிலைக்கு ஊற்ற வேண்டாம் என்று சொல்லியும் அம்மா ஊற்றினார், இலை ஓரம் கருகியதும் நிறுத்திக்கொண்டார்.

தண்ணியின் ருசியைப் பற்றியும் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். முதல் மாதம் வெளியே வந்த தண்ணி 85 டி.டி.எஸ். எனக்கு ஒரே பெருமை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா, சப்புனு கெடக்குது, தொண்டைல எறங்கறதே தெரீல" என்றார். ஒரு வருஷம் கழித்து 110 ஆனபோது ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் மாற்றிப் போட்ட மெம்பரேனும் பழசாகி, இப்போது 140-ல் நிற்கிறது, "இப்பத்தான் தண்ணி தண்ணியாட்ட இருக்குது" என்கிறார். மெம்பரேன் கிழடாகக் கிழடாக அம்மாவுக்குப் பிடிக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். தினசரிக் காலண்டரின் பின் அட்டையில் பென்சில் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறோம். மாதப் பிறப்பன்று நாலு எண்களை எழுதுவோம்: உள்ளே போகிற தண்ணியின் டி.டி.எஸ்., வெளியே வருகிற தண்ணியின் டி.டி.எஸ்., ஒரு லிட்டர் பாட்டில் நிறைய எத்தனை நிமிஷம், கழிவுத் தண்ணி ஒரு லிட்டர் நிறைய எத்தனை விநாடி. பேனா மீட்டர் இருநூறு ரூபாய், போன் தான் கடிகாரம், வேறென்ன வேண்டும். புதிதில் ஒரு லிட்டருக்கு 5 நிமிஷம். நேரம் கூடினால் முதலில் ஸ்பன்னைப் பார்ப்பேன், அப்புறம் பம்ப்பை, கடைசியில் மெம்பரேனை. டி.டி.எஸ். மட்டும் ஏறினால் மெம்பரேனோ அதன் ரப்பர் வளையமோதான். வெறும் டி.டி.எஸ்.ஸைப் பார்த்துக்கொண்டு இருப்பது போதாது, பேனா மீட்டருக்குக் கிருமியும் தெரியாது, நைட்ரேட்டும் தெரியாது, எல்லா உப்பையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். நைட்ரேட் மற்ற உப்புகளைவிடக் கொஞ்சம் சுலபமாகச் சவ்வைத் தாண்டிவிடும், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வரும் தண்ணியையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுகிறேன்.

ஸ்பன் ஃபில்டரை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். கழுவித் திரும்பப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கழுவலாம், மேல் அழுக்குதான் போகும், நூறு ரூபாய் மிச்சம் பண்ணி மெம்பரேனில் கை வைத்த மாதிரி ஆகும். கார்பன் வருஷத்துக்கு ஒன்று. கார்பனை ருசிக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மெம்பரேனுக்கு முன்னால் இருக்கிற கார்பனின் முதல் வேலை குளோரினைப் பிடிப்பது. இந்தச் சவ்வுக்குக் குளோரின் ஆகவே ஆகாது, லிட்டரில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து போனாலே அரித்துவிடும். எங்களுக்குப் பஞ்சாயத்துத் தண்ணி எப்போதாவது வரும், ப்ளீச்சிங் வாசம் தூக்கலாக இருக்கும், அதை டேங்க்கில் பிடித்துவிடுகிற நாட்களில் கார்பன் உயிரோடு இருந்தால்தான் பிழைத்தோம்.

போன தை மாதம் அக்கா மகன் லீவில் வந்திருந்தான். வெளிநாட்டில் ஒரு பாய்மரப் படகில் இன்ஜினியர். படகிலும் ஒரு ஆர்.ஓ. இருக்கிறது, கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்க. காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு என் மிஷின் முன்னால் நின்று, "மாமா, இது எங்க மிஷினோட தம்பிங்க" என்றான். கடல் தண்ணி 35,000, எங்கள் போர் தண்ணியைப் போலக் கிட்டத்தட்ட பத்தொன்பது மடங்கு. என் பம்ப் 80 பி.எஸ்.ஐ. கொடுக்கிறதென்றால் அவனுடையது 800 கொடுக்க வேண்டும், அதனால் பம்ப்பும் துருப்பிடிக்காத உலோகமுமே விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கழிவு எவ்வளவு போகும் என்று கேட்டேன். நூறு லிட்டர் உறிஞ்சினால் பத்துப் பதினைந்து லிட்டர்தான் நல்ல தண்ணியாம், மிச்சம் திரும்பக் கடலுக்கு. அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "அதப் புடிச்சுப் பாத்தரம் வெளக்கலாமல்ல" என்றார். மாப்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அவனிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மெம்பரேன் ஓடி ஓடிக் கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம் என்றான். படகில் ஒவ்வொரு தடவை மிஷினை நிறுத்தும்போதும் நல்ல தண்ணியை விட்டு அலசிவிடுவார்களாம், அந்தத் தண்ணியும் கார்பன் வழியாகத்தான் போகும், துறைமுகத்தில் பிடித்த தண்ணியில் குளோரின் இருக்கும் என்பதால். ஓட்டாமல் கிடந்தால் வாரம் ஒரு தடவை அலசல். மாதக் கணக்கில் கிடப்பதென்றால் சோடியம் மெட்டாபைசல்பைட்டைக் கரைத்து உள்ளே நிரப்பி வைப்பார்கள், ஊறுகாய் போடுகிற மாதிரி. துறைமுகத்துக்குள் எண்ணெயும் சகதியுமாக இருக்கும், அங்கே மிஷினைப் போடவே மாட்டார்களாம்.

நிலையத்தில் நாங்களும் இதையெல்லாம் செய்தோம், ஆனால் வீட்டு மிஷினில் செய்யத் தோன்றவே இல்லை. இரண்டாவது வருஷம் காசி போய்விட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து வந்து குழாயைத் திறந்தால், குட்டை வாசம் அடித்தது. அப்போது காரணம் புரியவில்லை. இப்போது வெளியூர் போவதென்றால் மிஷின் டேங்க்கைக் காலி செய்துவிட்டு, துடைத்து, திறந்து வைத்துவிட்டுப் போகிறோம். வந்ததும் முதல் இரண்டு டேங்க் தண்ணி பாத்திரம் விளக்க. தினமும் ஓடுகிற மிஷினுக்கு இந்தக் கவலை கிடையாது. தோட்டத்து வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் போய்வருகிற பட்டணத்துக்காரர்கள் ஆர்.ஓ. வாங்காமல் கேன் தண்ணியே கொண்டுபோய்விடலாம், செலவும் குறைவு.

வெயில் காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் ஓட்டின்மேல் இருக்கிற கறுப்பு டேங்க்கில் மத்தியானத் தண்ணி கை பொறுக்காது. தண்ணி சூடாக இருந்தால் சவ்வின் வழியாக வேகமாகப் போகும், ஒரு டிகிரிக்கு மூன்று சதவீதம் கணக்கு, ஆனால் உப்பும் சேர்ந்து போகும். மிஷின் நன்றாக ஓடுகிறது என்று நாம் சந்தோஷப்படுவோம், டி.டி.எஸ். இருபது முப்பது ஏறியிருக்கும். 45 டிகிரிக்கு மேல் சவ்வுக்கே ஆகாது. டேங்க்குக்குத் தென்னங்கீற்றில் ஒரு நிழல் போட்டேன், அந்த இரண்டு மாதம் விடியற்காலையில் மட்டும் மிஷினைப் போடுகிறோம். வாய்க்காலில் தண்ணி ஓடுகிற நாட்களில் போர் தண்ணியே 1,500-க்கு இறங்கிவிடும், அப்போது மிஷினுக்கும் லீவு கிடைத்த மாதிரி.

குறை இல்லாமல் இல்லை. மிஷினின் குடிதண்ணிக் குழாய் மட்டமான பிளாஸ்டிக், ஆறே மாதத்தில் ஒழுகியது, ஸ்டீல் குழாய் வாங்கிப் போட்டேன். பம்ப் பதினாலாவது மாதம் வண்டு மாதிரி இரைய ஆரம்பித்தது. வாரண்டி ஒரு வருஷம்தான், ஆனாலும் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தார், 900 ரூபாய். ஒரு இடி மழையில் 24 வோல்ட் அடாப்டர் போய்விட்டது, அது 450. டேங்க் நிறைந்ததும் நிறுத்த வேண்டிய மிதவை ஒரு நாள் ராத்திரி சிக்கிக்கொண்டு சமையலறை முழுக்கத் தண்ணி, அரிசி மூட்டை நனைந்துபோனது, அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத முடியாது. கடைக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டார், எல்லாம் நீங்களேதான் கழற்றிக்கொண்டு போக வேண்டும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு இது சரிப்படாது, அவர்கள் ஊரிலேயே ஒரு நல்ல மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டு அப்புறம் மிஷினை யோசிக்கட்டும்.

செலவைக் கூட்டினால், மிஷின் 6,800. இருபத்திரண்டாவது மாதம் ஒரு மெம்பரேன் 1,650. ஸ்பன் 24 தடவை, தலா 90 வீதம் 2,160. உள் ஃபில்டர்கள் மூன்று செட் 1,950. பம்ப்பும் அடாப்டரும் 1,350. நாலு வருஷத்துக்கு மொத்தம் 13,910 ரூபாய், கரண்ட்டைச் சேர்க்கவில்லை. ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு நாளுக்கு ஒரு கேன், 35 ரூபாய் என்று வைத்தாலும் இதே நாலு வருஷத்தில் 51,000 ஆகியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறவர்கள் ஆர்.ஓ. வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். அங்கே எங்கள் அத்தை வீட்டில் சிறுவாணித் தண்ணியில் என் பேனாவை விட்டேன், 42. உலகத்தில் இரண்டாவது ருசியான தண்ணி என்று கோயமுத்தூர்க்காரர்கள் பீற்றிக்கொள்வது உண்மையோ இல்லையோ, எனக்கு அது அமிர்தம்தான். அதையும் ஒரு ஆர்.ஓ.வுக்குள் விட்டு, 6 ஆக்கி, முக்கால்வாசியைச் சாக்கடையில் விட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறார் அத்தை. 500-க்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொல்லியிருக்கிறது. அந்தத் தண்ணிக்கு வடிகட்டியும் கிருமியைக் கொல்கிற யு.வி. விளக்கும் போதும், இல்லையென்றால் காய்ச்சிக் குடித்தால் ஆயிற்று. சொன்னேன், "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, பக்கத்து வீட்லயும் வெச்சிருக்காங்கல்ல" என்றார் அத்தை. அதற்குமேல் என்ன பேசுவது.

கடைக்குப் போகிறவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை, மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், கூப்பிட்டால் கோபம் வரும். பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள், பெயர் சொல்லி விளக்கி மாளாது. பில் கேட்டு வாங்குங்கள், அவராகத் தர மாட்டார்.

இந்த மாதக் காலண்டர் அட்டையில் இருப்பது: உள்ளே 1,790, வெளியே 144, நல்ல தண்ணி லிட்டருக்கு 6 நிமிஷம் 5 விநாடி, கழிவு லிட்டருக்கு 1 நிமிஷம் 42 விநாடி. இந்த மெம்பரேன் போட்டு இருபத்தாறு மாதம் ஆகிறது. சித்திரை பிறப்பதற்குள் மாற்றிவிட வேண்டும், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.